முன்கூட்டியே குணமான தோள்

எங்கள் சந்தையில் நன்றி மொத்த விலைக்கும் கிடைக்கும், சில்லறைக்கும் கிடைக்கும். என் குடைக்கடைக்கு நேர் எதிரே கோங் மாவ்சோங்கின் கடை. சிவப்பு வெல்வெட் துணி, அதன்மேல் பொன்னிற எழுத்து, கீழே மஞ்சள் குஞ்சம். நோய் தீர்ந்தவர் டாக்டருக்கும், தொலைந்த ஸ்கூட்டர் கிடைத்தவர் போலீசுக்கும், பிள்ளை தேறியவர் வாத்தியாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நன்றிப் பதாகை. வாசகத்தை முன்னாலேயே அச்சடித்து வைத்திருப்பார். பெயர் போடும் இடம் மட்டும் காலி. "தெய்வக் கை தொட்டது, வசந்தம் திரும்பியது" என்பது டாக்டர்களுக்கு உரியது. மாட்டு டாக்டருக்கும் அதுதான். கோங் வித்தியாசம் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்டவருக்கு இடது தோள் உறைந்துபோனது.

முதலில் மேல் வரிசைக் கொக்கியில் பதாகை மாட்டக் கை எழவில்லை. பிறகு சட்டை போடுவதே ஒரு சண்டையானது. கடைசியில் முதுகு சொறியவும் வழியில்லாமல் என் கடைக்கு வந்து திரும்பி நிற்பார்.

"அண்ணே, கொஞ்சம் மேல... இடது பக்கம்... ஆங், அங்கதான், அங்கதான்."

குடைக் கம்பியால் சொறிந்துவிடுவேன். எங்கள் பக்கத்தில் இதற்கு ஐம்பது வயசுத் தோள் என்று பெயர். யாரும் இதனால் செத்ததில்லை. ஒன்றிரண்டு வருஷம் படுத்திவிட்டு, வந்த மாதிரியே சொல்லாமல் போய்விடுவதும் உண்டு. ஆனால் கோங்குக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அக்கா மகள் லின்லாங்கின் கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்து மே மாதத்தில் நாள் குறித்துவிட்டார்கள்.

அவருடைய அக்கா கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"உன் தோள் உறையுதோ உருகுதோ, எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு கால் தரையில பட்டா, இந்த வீட்டு யோகமெல்லாம் அவ செருப்போட ஒட்டிக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிடும். அவளுக்குக் கூடப்பிறந்தவனும் இல்ல. நீதான் முதுகுல சுமந்து கார்ல உக்கார வைக்கணும்."

"வேற யாராச்சும்..."

"வேற எத்தனை தாய்மாமனை நான் வெச்சிருக்கேன்?"

பின்னால் நின்ற லின்லாங் தன் பங்குக்கு ஆறுதல் சொன்னாள். "மாமா, கவலைப்படாதே. நான் இளைக்கறேன்."

"எவ்வளவு இளைச்சிருக்கே?"

"முடிவு பண்ணிட்டேன்."

முதுகில் சுமப்பதென்றால் இரண்டு கைகளும் பின்னால் போய்க் கோத்துக்கொள்ள வேண்டும். கோங்கின் இடது கை இடுப்பெலும்பு வரை போகும். அங்கே சோதனைச்சாவடியைக் கண்ட லாரி மாதிரி நின்றுவிடும்.

ஆகவே இணக்கம் மருத்துவமனைக்குப் போனோம். ஊசியும் மூலிகையும், முதுகில் கவிழ்த்து உறிஞ்சவிடும் கோப்பையும் வைத்துப் பழைய சீன முறையில் வைத்தியம் பார்க்கும் இடம். முன்பெல்லாம் அங்கே ஊசிக்கு ஒரே ஒரு பெரிய கூடம் இருந்தது. எந்த வலியோடு போனாலும் யாராவது ஒருவர் எங்கேயாவது குத்தி அனுப்புவார். போன வருஷம் துணைத் தலைவர் ஷெங் அதை நவீனமாக்கி, உடம்பைத் துறைகளாகப் பிரித்துவிட்டார். நுழைந்ததும் ஆளுயரத்துக்கு மனித உடம்பின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. மாகாண வரைபடம் போல ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம், நடுவே எல்லைக் கோடுகள். கழுத்தடியிலிருந்து முழங்கை வரை நான்காம் மாடி, தோள் துறை. இடுப்புக்குக் கீழே இரண்டாம் மாடி, கால் துறை. முழங்கை மூட்டு யாருக்கு என்பதில் தகராறு; அதனால் அங்கே மட்டும் வெள்ளையாக விட்டிருந்தார்கள்.

பதிவு ஜன்னலில் இருந்த பெண் கேட்டாள். "என்ன நோய்?"

"ஐம்பது வயசுத் தோள்."

"வயசு?"

"நாப்பத்தொன்பது."

"அப்ப அடுத்த வருஷம் வாங்க."

"அம்மா வயித்துல இருந்ததையும் சேர்த்தா ஐம்பதும்மா. ஊர்க் கணக்கு."

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா? இது பாரம்பரிய ஆஸ்பத்திரி. வயித்துல இருந்த காலமும் செல்லும்."

கோங் கையில் ஒரு நீளச் சுருள் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"என்ன தம்பி அது?"

"பதாகை."

"இன்னும் யாரும் தொட்டே பாக்கலியே உன்னை."

"நீங்களும் வியாபாரிதானேண்ணே. வைத்தியம் முடிஞ்சு கொடுத்தா அது நன்றி. முன்னாடியே கொடுத்தா அது உறவு."

சந்தையில் பிறந்து வளர்ந்த எவனும் இதை மறுக்க மாட்டான். நானும் மறுக்கவில்லை.

தோள் துறைத் தலைவர் சியூ நல்ல மனிதர். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"தூங்கும்போது ஏசி?"

"உண்டு."

"குளிர்ந்த பீர்?"

"அதுவும் உண்டு."

"காத்து, குளிர், ஈரம், மூணும் தோள்ல குடித்தனம் வந்தாச்சு. காலி பண்ண வைக்கணும். முதல்ல..."

அந்த இடத்தில்தான் கோங் சுருளை விரித்தார். 'எழாத கையை எழ வைத்த தெய்வக் கை, தோள் துறைத் தலைவர் சியூ அவர்களுக்கு.' சியூ எழுந்து நின்றார். நர்ஸ் ஓடினாள். கேமரா வந்தது. கோங்கைக் கையை உயர்த்தச் சொன்னார்கள்.

"இது ஏறாதுங்களே."

"அப்ப இன்னொரு கையை உயர்த்துங்க. படத்துல இடம் வலம் மாத்திக்கலாம்."

வலது கையை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். சியூ ஒரு சிற்றுரையும் ஆற்றினார்.

"மத்த வைத்தியமெல்லாம் நோய் வந்த பிறகு பாக்கும். நோய் வர்றதுக்கு முன்னாடியே பாக்கறது எங்க முன்னோர்களோட பெருமை. இன்னைக்கு எங்க துறை அதுக்கும் ஒரு படி மேல போயிருக்கு. பாக்கறதுக்கு முன்னாடியே குணப்படுத்தியிருக்கு!"

எல்லோரும் கைதட்டினோம். கோங்கால் தட்ட முடியவில்லை, தொடையில் தட்டினார்.

அடுத்த வாரம் ஊசி போட்டுக்கொள்ளப் போனால், நர்ஸ் கணினியைப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தாள். "நீங்க குணமானவரு."

"இல்லம்மா, பாரு, கை எழல."

"பதாகை கொடுத்திருக்கீங்களே. பதாகை கொடுத்தா குணம்னு பதிவாயிடும். மறுபடி வந்தா அது திரும்பி வந்த நோய். எங்க துறையில நோய் திரும்பி வந்ததா வரலாறே இல்ல."

"அப்ப பதாகையைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"ஆணி அடிச்சாச்சே."

சியூ எங்களைத் தாழ்வாரத்து மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவர் முழுக்கச் சிவப்பு. எல்லாமே கோங் கடைச் சரக்கு. எத்தனையை நோயாளிகள் வாங்கினார்கள், எத்தனையைத் துறைகளே வாங்கிக்கொண்டன என்று கோங்குக்குத் தெரியும். வாடிக்கையாளர் விஷயம் என்பதால் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

சியூ குரலைத் தாழ்த்தினார். "உள்ளதைச் சொல்றேன். இதுக்குக் குத்த வேண்டிய இடம் தோள்லயே இல்ல. முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்பை ஒட்டின சதையில. இடது தோள்னா வலது கால். என் குரு நீளமா ஒரே ஒரு ஊசியை அங்க இறக்கிட்டு, அது உள்ள இருக்கும்போதே தோளை அசைக்கச் சொல்வாரு. நிறைய பேருக்குக் கை மேல போறதைக் கண்ணால பாத்திருக்கேன்."

"அப்ப போடுங்க டாக்டர்!"

"எப்படிப் போடறது? கால் என்னுது இல்லியே."

இரண்டாம் மாடிக்கு இறங்கினோம். கால் துறைத் தலைவி பாவ் அம்மையார் கோங்கின் காலை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லி, தட்டிப் பார்த்தார்.

"கால்ல என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. தோள்தான்..."

"தோளா? மேல போங்க."

"மேல நான் குணமாயிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம். அடுத்தவரு!"

கோங் வெளியே வந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு மறுபடி உள்ளே போனார், நொண்டிக்கொண்டே.

"இப்ப என்ன?" என்றார் பாவ்.

"கால் நொண்டுதுங்க. வலது கால்."

"நீங்க நொண்டினது இடது."

சந்தையில் முப்பது வருஷம் பேரம் பேசிய வாய் அது. தடுமாறவில்லை. "இடது நொண்டினா பாரமெல்லாம் வலதுமேலதானே விழும்? அதுதான் உள்ளுக்குள்ள கெட்டுப்போச்சு."

பாவ் அம்மையாரின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்களிடம் திரும்பினார். "எழுதிக்கோங்க. ஆரோக்கியமான கால்ங்கறது நோய் இன்னும் வாயைத் திறக்காத கால்."

வலது காலில் நீள ஊசி இறங்கியது. பாவ் அதைத் திருகினார். "விண்ணுன்னு இருக்கா?"

"இருக்கு, இருக்கு." கோங் ஆவலோடு இடது தோளை மெல்ல உயர்த்தினார்.

"நிறுத்துங்க!" பாவ் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் ஊசியோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இங்க தோளை அசைக்கக் கூடாது. இங்க அசைச்சா தோள் வேலை எங்க கணக்குல ஏறும். நாளைக்கு சியூ வந்து விளக்கம் கேப்பாரு."

"ஊசி இருக்கும்போது அசைச்சாத்தானே..."

"அசைக்க வேணாம்னு சொல்லல. இங்க அசைக்க வேணாம்னுதான் சொல்றேன்."

ஊசியோடு நடக்கக் கூடாது என்பதால் கோங்கை ஒரு சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, "கொஞ்சம் காத்தாடக் கூட்டிட்டுப் போங்க" என்று என்னிடம் ஒப்படைத்தார். நான்காம் மாடியில் இவர் குணமானவர், நுழைய முடியாது. இரண்டாம் மாடியில் அசைய முடியாது. லிஃப்டில் நின்று யோசித்துவிட்டு நடுவிலிருந்த பொத்தானை அழுத்தினேன்.

மூன்றாம் மாடியை எந்தத் துறைக்கும் ஒதுக்கவில்லை. கால் ஒடிந்த கட்டில்கள், சூடு காட்ட எரிக்கும் மாச்சிப்பத்திரி மூலிகை மூட்டைகள், துடைப்பங்கள். லிஃப்ட் கதவு திறந்ததும், இரண்டு புறங்கையிலும் ஊசியோடு ஒரு லாரி டிரைவர் இடுப்பை வட்டமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். பாதத்தில் ஊசியோடு ஒரு டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் சுழற்சியை நிறுத்தாமல் கேட்டார். "வலி எங்க?"

"தோள்ல," என்றார் கோங்.

"ஊசி எங்க?"

"கால்ல."

"எல்லை தாண்டினவரா? வாங்க வாங்க. அந்த ஜன்னலோரம் காலியா இருக்கு."

அன்று ஜன்னலோரத்தில் கோங் தோளை உயர்த்தினார், இறக்கினார், பின்னால் தள்ளினார். பல்லைக் கடித்தார். என் பரம்பரையையும் சியூவின் பரம்பரையையும் சேர்த்துத் திட்டினார். ஆனால் கை இடுப்பெலும்பைத் தாண்டி ஒரு விரற்கடை உள்ளே போனது. டிரைவர் விசிலடித்தார். டீச்சரம்மா, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பையன் பரீட்சை எழுதற மாதிரி முனகாதீங்க" என்றார்.

அப்புறம் வாரம் தவறாமல் போனோம். இரண்டாம் மாடியில் நொண்டி, மூன்றாம் மாடியில் ஆட்டி, கீழே வந்து சூடாக நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கடை திரும்புவோம். ஒரு நாள் குடைக் கம்பியோடு நான் எழுந்தபோது கோங் கையமர்த்தினார். "வேணாம்ணே. இன்னைக்கு நானே சொறிஞ்சுக்கிட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. பின்னால் போன விரல் நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. கோக்கத்தான் இன்னும் எட்டவில்லை.

அந்த வாரம் லிஃப்ட் திறந்தால் மூன்றாம் மாடியில் மைக்கும் மேடையும். துணைத் தலைவர் ஷெங் பேசிக்கொண்டிருந்தார். நோயாளிகளைச் சுவரோரமாக நிறுத்தியிருந்தார்கள்.

"நம் மருத்துவமனையில் அண்மைக்காலமாக ஒழுங்கற்ற முறையில் சிலர் குணமாகி வருவது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்திருக்கிறது. குணம் என்பது பொறுப்பு. துறையே இல்லாத இடத்தில் ஒருவர் குணமானால், அந்தக் குணத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது? நாளைக்கே மறுபடி வலித்தால் நீங்கள் யாரைத் திட்டுவீர்கள்? உங்களைத் திட்டுவதற்கு ஆளில்லாமல் நிர்க்கதியாக விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே இதே இடத்தில் 'துறைகளுக்கிடையிலான அசைவு ஒருங்கிணைப்பு மையம்' ஒன்றை அமைக்கிறோம். கட்டட வேலை முடியும்வரை இங்கே யாரும் அசையக் கூடாது."

டிரைவர் இடுப்பைச் சுழற்றுவதைப் பாதியில் நிறுத்தினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருக்கிறார் என்று தெரிந்தது.

கோங் நாற்காலியை விட்டு எழுந்து, காலில் ஊசியோடே ஷெங்கின் பின்னால் ஓடினார். ஓடும்போது நொண்ட வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்.

"ஐயா, வேலை எப்ப முடியும்?"

"இலையுதிர் காலத்துக்குள்ள முடிச்சுடலாம்."

"என் அக்கா பொண்ணுக்கு இந்த மாசம் கல்யாணம்ங்க. நான்தான் சுமக்கணும். இன்னும் ரெண்டே தடவை அசைச்சா விரல் கோத்துக்கும்."

"கல்யாணமா?" ஷெங்கின் கண்கள் விரிந்தன. "கூட்டம் இருக்குமில்ல? அருமை. வீடு தேடிப் போய் விசாரிக்கற திட்டத்துல உங்களைச் சேத்துடறேன். பொண்ணை முதுகுல வெச்சுக்கிட்டே எங்க மையத்துக்குப் பதாகையைக் கொடுங்க. படம் பிரமாதமா வரும்."

"மையம் இன்னும் திறக்கவே இல்லியேங்க."

"நீங்க முன்கூட்டியே கொடுக்கறவராச்சே. உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்."

கல்யாண நாள் காலையில் அக்கா வீட்டுச் சந்து முழுக்கப் பட்டாசுத் தாள். குறுகலான நாலு மாடி வீடு. மூன்றாம் மாடியில் மணப்பெண். கீழே தெருமுனையில் பூச் சுற்றிய கார். பெண்ணின் தோழிகள் கதவைத் திறக்க, மாப்பிள்ளையின் தோழர்கள் பணம் வைத்த சிவப்பு உறைகளைக் கதவிடுக்கில் நுழைத்துக்கொண்டிருந்த வேளையில் மருத்துவமனை வேன் வந்து நின்றது. ஷெங் இறங்கினார். சியூ இறங்கினார், தன் துறைதான் முதலில் குணப்படுத்தியது என்று காட்டுவதற்குத் தாழ்வாரத்துப் பதாகைகளையெல்லாம் கழற்றிச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். பாவ் இறங்கினார், சியூ எடுத்து வந்ததைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு கட்டு எடுத்து வந்திருந்தார்.

பாவ் நேரே கோங்கின் வலது காலைப் பிடித்தார். "இந்தக் கால்ல பாரம் ஏத்தறீங்களா? எங்க அனுமதி வாங்கினீங்களா?"

"என் காலுங்க."

"பதிவுல எங்களுது."

"தோள் எங்களுது. அது எப்பவோ குணமாயிடுச்சு. நீங்க தைரியமாத் தூக்குங்க," என்றார் சியூ.

மாடியில் கோங் குனிந்தார். லின்லாங் ஏறினாள். இளைக்க எடுத்த முடிவு அவளிடம் இன்னும் முடிவாகவே இருந்தது. கோங்கின் விரல்கள் பின்னால் போய்த் தொட்டன, கோக்கவில்லை. அக்கா ஒரு கணம்தான் பார்த்தாள். தம்பி கொண்டு வந்திருந்த பதாகையிலிருந்து மஞ்சள் குஞ்சத்தைப் பிய்த்து, அதன் கயிற்றால் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினாள். "நட!"

படி இறங்கினார். நான் முன்னால் பின்னோக்கி இறங்கினேன், விழுந்தால் தாங்க. வியர்வை கொட்டியது. ஆனாலும் இறங்கினார், வாசற்படி வரைக்கும். அங்கே மூவரும் கேமராவுக்கு முன்னால் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"பதாகையைக் கொடுங்க," என்றார் ஷெங்.

"கை கட்டியிருக்குங்க."

"படத்துக்குக் கீழ எந்தத் துறை பேரு முதல்ல வரும்?" என்றார் பாவ்.

"தோள்தான் மேல இருக்கு. மேல இருந்து கீழ எழுதறதுதான் முறை," என்றார் சியூ.

"உடம்பே கால்மேலதான் நிக்குது!"

மஞ்சள் கயிறு நெகிழ ஆரம்பித்தது. அது பார்வைக்குச் செய்த கயிறு, பாரத்துக்குச் செய்ததில்லை. செய்தவருக்கே தெரியும்.

"மாமா, நான் வழுக்கறேன்."

"எதையாவது புடிச்சுக்கம்மா."

"உன் தோளைத்தான் புடிக்க முடியும்."

"அதை மட்டும் புடிச்சுடாதே!"

பிடித்துவிட்டாள். கோங் போட்ட சத்தத்தில் தெருமுனையில் கார் டிரைவர் இறங்கி நின்று பார்த்தார். அக்கா உள்ளேயிருந்து அலறினாள். "தரை! தரை! எதையாவது விரிங்கய்யா!"

சியூ என்ன நினைத்தாரோ, கையிலிருந்த சுருளை உதறி விரித்தார். லின்லாங்கின் செருப்பு 'தெய்வக் கை தொட்டது' என்ற இடத்தில் இறங்கியது. சந்தே மூச்சுவிட்டது. அவள் அடுத்த காலை எடுத்தாள். சியூ இன்னொன்றை விரித்தார்.

பாவுக்கு அது பொறுக்கவில்லை. "அவ நடக்கறா! நடக்கறது கால்! அது எங்க துறை!" என்று தன் கட்டை அவிழ்த்து முன்னால் ஓடினார். சியூ அவரை முந்தினார். பாவ் சியூவை முந்தினார். கட்டு தீர்ந்ததும் மிதித்து முடித்ததை உருவிக்கொண்டு முன்னால் ஓடி மறுபடி விரித்தார்கள். ஷெங் பின்னாலேயே கைவீசி நடந்தார். "ஒண்ணு விட்டு ஒண்ணு! தோள், கால், தோள், கால்! இதுதான் ஒருங்கிணைப்பு! கேமரா எங்க?"

எங்கள் ஊரில் எந்த ராணியும் அப்படி நடந்ததில்லை. சிவப்பு வெல்வெட்டில், பொன்னெழுத்தில், வசந்தத்தை மிதித்துக்கொண்டு போய் லின்லாங் காரில் உட்கார்ந்தாள். செருப்பின் நுனிகூட மண்ணில் படவில்லை.

கோங் வாசற்படியிலேயே தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அக்கா, நான் சுமக்கலியே."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யார் கடைத் துணிமேல நடந்து போனா? உன் கடைத் துணி. அப்ப நீ சுமந்த மாதிரிதான். எழுந்திரு, வந்து சாப்பிடு."

மருத்துவமனை இதழில் படம் வந்தது. 'மூன்று துறைகளின் கூட்டுச் சாதனை: நோயாளியின் உறவினரும் நடக்கிறார்' என்று தலைப்பு. செருப்புத் தடம் விழுந்த பதாகைகளுக்குப் பதிலாகப் புதியவை வேண்டுமென்று கோங்குக்கு ஆர்டரும் வந்தது. அவர் மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. மூலிகைக் கஷாயம் மட்டும் கொஞ்ச நாள் குடித்தார். பிறகு அதையும் மறந்துவிட்டார்.

இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம். கூட்டம் இல்லை. எதிரே கோங் ஒருங்கிணைப்பு மையத்தின் திறப்பு விழாவுக்கான புதுப் பதாகையைக் காயவிட, மேல் வரிசைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும். இரண்டும் தலைக்கு மேலே.

நான் குடையைக் கீழே போட்டுவிட்டேன். "தம்பி! உன் கை!"

கோங் அப்படியே நின்றார். மெல்லத் தலையை உயர்த்தித் தன் இடது கையை, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருளைப் போலப் பார்த்தார். பிறகு சட்டென்று இறக்கி, சந்தை நடையை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"கத்தாதீங்கண்ணே," என்றார். "காதுல விழுந்தா வந்துடுவாங்க."